விடைபெறும் நாளிலும் பரிசோதனை வேண்டும்

ஐயா,

படைவீரர்களின் வாழ்க்கை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான தலையங்கம், சீருடையின் பெருமையையும் போர்க்களத்தின் ஆபத்தையும் நன்கு எடுத்துரைத்தது. ஆனால், பணிக்காலம் முடிந்த பின்னரும் வீட்டுக்குள் தொடரும் துன்பம் அதில் இடம்பெறவில்லை. துப்பாக்கி வெடிக்கும் ஒலி 140 டெசிபலைத் தாண்டும். காப்பு அணியாத செவிகளில் அது ஏற்படுத்தும் பாதிப்பு பெரும்பாலும் மீளாதது. மனத்தின் காயமோ இன்னும் தாமதமாகவே கண்டுகொள்ளப்பட்டது. முதல் உலகப் போரின் அகழிகளிலிருந்து நடுங்கியபடி திரும்பியவர்களைக் கோழைகள் என்று பழித்ததும் உண்டு. அத்தகைய பாதிப்பு 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் தனிப்பெயருடன் இடம்பெற்றது.

நான் 17 ஆண்டுகள் படையில் பணியாற்றியவன். இளம் வயதிலேயே பிறர் உயிருக்குப் பொறுப்பேற்கும் துணிவையும், உடன்பிறந்தாரினும் நெருங்கிய தோழர்களையும் தந்த அந்தப் பணிக்கு இன்றும் நன்றியுடையேன். ஆயினும், என் இடச்செவியில் ஓயாத இரைச்சல் ஒன்று உண்டு. பணியிலிருந்தபோது அதை நான் யாரிடமும் சொல்லவில்லை (சொன்னால் களப்பணியிலிருந்து விலக்கிவிடுவார்களோ என்ற அச்சம்தான்). விடைபெற்றபோது யாரும் கேட்கவுமில்லை. பின்னர் உதவி கோரியபோது, அது பணிக்காலத்தில் நேர்ந்தது என்பதற்குச் சான்றே இல்லாமற்போயிற்று. எனவே, செவித்திறன், மனநலப் பரிசோதனைகளை ஆண்டுதோறும் ஒருமுறையும் விடைபெறும்போது ஒருமுறையும் கட்டாயமாக நடத்தி, அந்தப் பதிவின் நகலை வீரரின் கையிலேயே கொடுத்தனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர்