அந்தப் பை மேசை மேலேயே இருக்கட்டும்: ஒரு பள்ளி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய தாளாளர் அவர்களுக்கும் முதல்வர் அவர்களுக்கும் வணக்கம்.

அரையாண்டுக் கணக்குத் தேர்வன்று என் மகளுக்கு என்ன ஆனது என்பது உங்கள் இருவருக்கும் தெரியும். நேரில் வந்து சொன்னேன், எழுத்திலும் கொடுத்தேன். பதில் வரவில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

அவளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் இருப்பது சேர்க்கைப் படிவத்திலேயே இருக்கிறது, டாக்டர் சான்றிதழோடு. உடம்பில் இன்சுலின் சுரக்காததால் ஊசியில் போட்டுக்கொள்ள வேண்டிய வகை இது; அதனால் சில நேரம் சுகர் அளவுக்கு மீறி இறங்கியும் விடும். அப்படியிருந்தும் தேர்வு ஹால் வாசலில் அவளுடைய சின்னப் பையை வாங்கி வெளியே வைத்துவிட்டார்கள். குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், குளுக்கோஸ் பொடி, நாலு பிஸ்கட். இவ்வளவுதான் அதில் இருந்தது. "தின்பண்டம் உள்ளே கிடையாது" என்றாராம் கண்காணிப்பாளர்.

திருத்திய விடைத்தாளை நீங்களும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் சில பக்கங்கள் அவளுடைய வழக்கமான கையெழுத்து, அச்சுக் கோத்தது போல. அப்புறம் வரிகள் கீழ்நோக்கிச் சரிய ஆரம்பிக்கின்றன. ஓர் இருபடிச் சமன்பாட்டில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் கழித்தல் குறி வேறு இடத்தில். அதன்பின் வெற்றுத்தாள். மேலே சிவப்பு மையில் 'கேர்லெஸ் மிஸ்டேக்ஸ்'. வெளியே வந்து, வியர்த்து ஊற்ற, தோழி எடுத்துக் கொடுத்த மீட்டரில் பார்த்தபோது சுகர் 52. "வார்த்தை எல்லாம் தெரியுதும்மா, என்ன கேக்கறாங்கன்னுதான் புரியல" என்றாள்.

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அதற்கு முக்கிய எரிபொருள் குளுக்கோஸ். பெரிதாகச் சேர்த்துவைக்க மூளையில் வழியில்லை, ரத்தம் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுகர் 70க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும், 54க்குக் கீழே என்றால் அபாயம். மயக்கம் வருவதற்கு வெகு முன்பே கவனமும் கணக்கும் நிதானமும் தடுமாறத் தொடங்கிவிடும். 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். எண் ஏறிய பிறகும் தலை தெளிய இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

"கையைத் தூக்கிச் சொல்லியிருக்கலாமே?" என்று முதல்வர் கேட்டார். ஐயா, சொல்ல வேண்டும் என்று தோன்றுவதற்கும் அதே மூளைதானே வேண்டும்?

நான் ஒன்றும் புதுச் சலுகை கேட்கவில்லை. டைப் 1 மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, பழம், சாண்ட்விச், தண்ணீர் பாட்டில் எல்லாம் பொதுத்தேர்வு ஹாலுக்குள் கொண்டுபோகலாம் என்று சிபிஎஸ்இ 2017லேயே அனுமதித்துவிட்டது. தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2023இல் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியிருக்கிறது: வகுப்பில் சுகர் பார்க்க, இன்சுலின் போட, இடையில் சாப்பிட விட வேண்டும் என்று. வருகிற பொதுத்தேர்வில் என் மகள் நிம்மதியாக வாழைப்பழம் சாப்பிடலாம். உங்கள் அரையாண்டில் மட்டும் கூடாது! அவ்வளவு உயர்ந்த தேர்வா அது?

இதே பள்ளியில்தான் போன மாதம் 'கவனத்தைக் கூர்மையாக்கும் பயிற்சி' என்று தனியாகக் கட்டணம் வாங்கினீர்கள். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டு, கேன்டீனில் பப்ஸும் குளிர்பானமும் விற்றுவிட்டு, பிற்பகலில் பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் எங்களிடமே குறை சொல்கிறீர்கள். காலையில் சாப்பிடாமல் ஸ்பெஷல் கிளாஸுக்கு ஓடிவரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டதுண்டா? நோய் இல்லாத பிள்ளைக்கும் வயிறு, தூக்கம், ஓட்டம் எல்லாம் சேர்ந்துதான் படிப்பு. சரி, அதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

இப்போது கேட்பது ஒன்றுதான். அந்தப் பை அவள் மேசை மேல் இருக்க வேண்டும். வேண்டுமானால் வாசலிலேயே திறந்து சோதித்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு ஆட்சேபமில்லை. சுகர் பார்க்கவும், குறைந்தால் சாப்பிடவும் யாரிடமும் அவள் அனுமதி கேட்டு நிற்கக் கூடாது. சுகர் ஏறினால் அடிக்கடி சிறுநீர் வரும், அப்போது போக விடுங்கள்.

ப்ரீ-போர்டு தேர்வு தொடங்குமுன் இதை ஒரு சுற்றறிக்கையாகப் போட்டு, ஒவ்வொரு கண்காணிப்பாளரிடமும் கையெழுத்து வாங்கி, ஒரு நகல் எனக்கும் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். டாக்டரின் கடிதத்தை மறுபடியும் இணைத்திருக்கிறேன். இந்த முறை அது கோப்புக்குள் போகாமல் ஹாலுக்குள் போகட்டும்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்