பர்னாந்து என்ற பெயரும் நீ அனுப்பிய பார்சலும்

மரியே வாழ்க

அன்புள்ள ஜெரோம்,

உன் பார்சல் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. ஏதோ சத்து மாத்திரை என்று நினைத்துத்தான் அப்பா பிரித்தார். உள்ளே கன்னத்தில் தேய்க்கிற குச்சி இரண்டு, நீர் விட்ட சின்னக் குப்பி இரண்டு, ஆங்கிலத்தில் ஒரு தாள், அப்புறம் உன் துண்டுச் சீட்டு. ‘பர்னாந்து என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறேன், அப்பாவின் டி.என்.ஏ. வேண்டும்.’ அவ்வளவுதான். நலமா என்று ஒரு வரி இல்லை.

தேய்ப்பதற்கு முன் ஒரு மணி நேரம் வாயில் எதுவும் போடக் கூடாதாம். வெற்றிலை இல்லாமல் அந்த மனுஷன் வாய் ஒரு மணி நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. “நான் யார் பிள்ளைன்னு வெளிநாட்டுக்காரன்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கணுமாக்கும்” என்று பெட்டியைத் தூக்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டார். ஆனால் மீன் ஏலக்கூடத்தில் போய், மகன் ஆராய்ச்சி பண்ணுகிறான் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். ஸ்டெல்லா மதினி வந்து விசாரித்தாள்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அங்கே இப்போது குளிர்காலம்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். விலங்கியல் டீச்சர் மகன் நீ, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பர்னாந்து ரத்தத்தில் வரவில்லையடா, ஞானஸ்நானத் தண்ணீரில் வந்தது. முத்துக்குளிப்புச் சண்டையில் நம் பரதவர் ஆட்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியரிடம் பாதுகாப்பு கேட்டார்கள். 1536-ஐ ஒட்டி, சவேரியார் இந்தக் கரையில் கால் வைப்பதற்கு முன்பே, வேம்பாறு தொடங்கித் துறை துறையாக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 20,000 பேர் என்று கணக்குச் சொல்வார்கள். கொடுத்த குருக்கள், ஞானத்தகப்பனாக நின்றவர்கள் இவர்களுடைய பெயர்தான் நமக்கு ஒட்டிக்கொண்டது. பர்னாந்து, மோத்தா, கோமஸ், மிராண்டா, வாஸ் எல்லாம் அப்படித்தான். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எத்தனையோ குடும்பங்கள் ஒரே பெயரோடு கரையேறின. அக்கரையில் நீர்கொழும்பிலும் பர்னாந்துமார் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், சிங்களம் பேசுகிறவர்கள்கூட. அவர்கள் எல்லாரும் நமக்குப் பங்காளியா?

ஆக்ஸ்போர்டில் பிரையன் சைக்ஸ் என்ற பேராசிரியர் சைக்ஸ் என்று பெயருள்ள ஆண்களின் வொய் குரோமோசோமை, அதாவது தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறதை, சோதித்து 2000-ல் வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஒரே வகை இருந்தது. அது ஒரே தகப்பன்வழியில் இறங்கிய பெயராக இருந்ததால் அப்படி. நம் தெருவில் பத்து பர்னாந்துமாரை உட்கார வைத்துத் தேய்த்தால் ஹெச் வரும், எல் வரும், ஆர்1ஏ வரும். இந்தப் பக்கத்தில் காலகாலமாக இருக்கிற வகைகள்தான். போர்த்துகலில் பாதிக்கு மேல் ஆண்களிடம் இருக்கிற ஆர்1பி நம்மிடம் வந்தால் எனக்கே ஆச்சரியம். வந்தாலும் சரி, அப்பாவுக்கு வெற்றிலைதான் வேண்டும்.

அப்படியே ஆர்1பி வந்தாலும் அது ஒரே ஒரு வழி. 1536-லிருந்து தலைமுறைக்கு 30 வருஷம் வைத்தால் 16 தலைமுறை. தலைமுறைக்குத் தலைமுறை இரட்டிப்பாகி, அந்தப் படியில் உன் முன்னோர் 65,536 பேருக்கு இடம் இருக்கிறது. அதில் தகப்பன், தகப்பன் என்று போகிற ஒருவரை மட்டும் தேடுகிறாய். தாய்வழியில் மட்டும் வருகிற மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ., என் வழியாக வந்தது, அதுவும் உன் உடம்பில்தான் இருக்கிறது. கோமஸ் வீட்டுப் பெண்ணின் வழி எங்கே போகிறது என்று கேட்க இந்த வீட்டில் யாருக்கும் தோன்றாது, போகட்டும்.

இன்னொன்று. 2023-ல் ‘ட்வென்டி த்ரீ அண்ட் மீ’ என்ற டி.என்.ஏ. சோதனைக் கம்பெனியிலிருந்து 69 லட்சம் பேருடைய விவரம் திருட்டுப் போனது. 2025-ல் அவர்களே திவால் மனு கொடுத்தார்கள். பாஸ்வேர்டைப் பத்திரமாக வை. ராத்திரி கண் விழிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

சரி, இத்தனையும் படித்தவளுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. அப்பாவின் வொய் எதுவோ அதுதான் உன் வொய்யும். பெயரைத் தேட உன் கன்னமே போதும். மற்ற குரோமோசோம்களுக்கு ஒரு தலைமுறை முந்தியவர் கொஞ்சம் உதவுவார், ஆனால் நீ கேட்டது அதை இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் விலங்கியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவனுக்கு இது தெரியாமலா இருக்கும்?

அதனால் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அனுப்புநர் முகவரி வேறாக இருக்கிறது. பழைய வீட்டுத் தெரு இல்லை, ஏதோ யூனிட் நம்பர். எப்போதும் மெர்லின்தான் அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் முகவரி எழுதுவாள். இது உன் எழுத்து. ஈஸ்டருக்குப் பிறகு வீடியோ காலில் அவளைப் பார்க்கவே இல்லை. ஒருநாள் டியூட்டி என்கிறாய், ஒருநாள் தூங்குகிறாள் என்கிறாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா முகவரியைக் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மணப்பாட்டில் ஆச்சி வீட்டில் ஒரு வருஷம் இருந்தோமே, நினைவிருக்கிறதா? எனக்கு டிரான்ஸ்பர் என்று சொல்லியிருந்தோம். டிரான்ஸ்பரும் இல்லை, ஒன்றும் இல்லை. சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிப் போனேன். யார் பக்கம் நியாயம் என்பது இப்போது எதற்கு? ஆச்சி எங்கள் இருவரையுமே ஒரு கேள்வி கேட்கவில்லை. சிலுவைத் திருவிழாவுக்கு அப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் சீலா மீன். மணப்பாட்டுக்கு யாராவது மீன் வாங்கிக்கொண்டு வருவார்களா என்று ஆச்சி சிரித்ததில் நானும் சிரித்துவிட்டேன். உடனே ஒன்றும் சரியாகவில்லை. இன்னும் சில மாதம் கழித்துத்தான் தூத்துக்குடிக்கு வந்தோம். இது உன் தங்கைக்குக்கூடத் தெரியாது.

அப்பாவைக் குச்சியில் தேய்க்க வைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வெற்றிலைப் பெட்டியை ஒளித்து வைத்தால் சரியாகிவிடும். 26-ம் தேதி பனிமய மாதா கோயிலில் கொடியேற்றம். உங்கள் இரண்டு பேர் பெயருக்கும் பூசைக்குக் கொடுத்திருக்கிறேன். மக்ரூன் சொல்லி வைத்திருக்கிறேன், இரண்டு டப்பா. உனக்குப் புதிய முகவரிக்கே அனுப்புகிறேன். மெர்லினுக்கு எந்த முகவரி என்று மட்டும் எழுது. அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று நீ நினைத்தாலும் அனுப்பத்தான் போகிறேன்.

அன்புடன்,
அம்மா