லாங் ரோலைத் திறந்துவிடுங்கள்: படைப்பிரிவு ரெக்கார்ட்ஸ் அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறுப்பதிகாரிகளுக்கு,

வணக்கம்.

பட்டாளத்தில் இருந்த தாத்தாவின் விவரம் கேட்டு விண்ணப்பித்த இன்னொரு குடும்பத்துக்கும் அதே இரண்டு வரிப் பதில் வந்திருக்கிறது. படையில் சேர்ந்தவருக்குப் படை கொடுத்த எண், அதாவது படை எண், இல்லாமல் தேட இயலாதாம். ஓய்வூதியம் பெறாதவர் என்றால் ஆவணம் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டிருக்குமாம். இது பாதி உண்மைதான் என்பது அந்தப் பதிலைத் தட்டச்சு செய்த எழுத்தருக்கும் தெரியும். மீதிப் பாதியைக் கேட்டுத்தான் இந்த மடல்.

இராணுவ விதிகளின் 595ஆம் பத்தியை நாங்களும் படித்திருக்கிறோம். ஓய்வூதியம் இல்லாமல் நீங்கிய சிப்பாயின் பணி ஆவணங்களை 25 ஆண்டு கழித்து அழிக்கலாம். ஆனால் லாங் ரோல் அழிக்கப்படுவதில்லை. அது நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய பதிவேடு. எண், பெயர், சேர்ந்த நாள், நீங்கிய நாள், நீங்கிய காரணம் எல்லாம் அதில் உண்டு. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் ஓய்வூதிய வழக்கு வந்தால், மற்ற ஆவணங்கள் அழிந்துவிட்டன என்று சொல்லிவிட்டு உங்கள் தரப்பு எடுத்து வைப்பது அந்த லாங் ரோலைத்தான். வழக்குக்குக் கிடைக்கிற ஏடு, பேத்தி கேட்டால் மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

எங்கள் கோரிக்கை இதுதான்: லாங் ரோலைப் படமெடுத்து, பெயரைக் கொண்டு தேடும்படி பொதுமக்களுக்குத் திறந்துவிடுங்கள். அந்த வேலை முடியும்வரை, எண் இல்லாமல் வரும் விண்ணப்பத்துக்கும் ஏட்டைப் புரட்டிப் பார்த்துப் பதில் எழுதுங்கள்.

யாருக்காகக் கேட்கிறோம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படையின் பலம் 25 லட்சம் வரை போனது. போர் முடிந்ததும் அவர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1941இல் சேர்ந்து 1946இல் திரும்பியவருக்குச் சேவை ஐந்து ஆண்டுதான். சிப்பாய்க்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் 15 ஆண்டு வேண்டும். எனவே அவர் ஓய்வூதியம் பெறாதவர் ஆனார், 25 ஆண்டு கழித்து அவருடைய தாள்கள் அழிப்புப் பட்டியலுக்குப் போயின. இம்பாலிலோ கொஹிமாவிலோ உயிர்விட்டிருந்தால் அவர் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடும்படி இருந்திருக்கும். உயிரோடு ஊர் திரும்பி, ஏர் பிடித்துப் பிள்ளைகளை வளர்த்த மனிதருக்குத்தான் தடயம் இல்லை. இதை எந்த வீட்டிலும் ஆற அமர விளக்கிச் சொல்ல முடியவில்லை.

இனி, நீங்கள் கேட்கும் அந்த எண். படையிலிருந்து நீங்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக் இருந்தால் எண் இருக்கும். அது கூரை வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்து கரையானுக்குப் போயிருக்கும். அடுத்தது பதக்கம். முதல் உலகப்போரின் வெள்ளிப் பதக்கத்திலும் 1947 சுதந்திரப் பதக்கத்திலும் விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருப்பார்கள். எழுத்து ஒரு மயிரிழை ஆழம்தான். ஆயுத பூசைக்கு ஆயுத பூசை விபூதியும் புளியும் போட்டுத் துலக்கிய வீடுகளில் முதலில் தேய்ந்து மறைவது அந்த விளிம்புதான். இப்படிப்பட்ட பதக்கத்தை மேலும் துலக்கவே கூடாது. இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, விளிம்பைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் படமெடுத்தால் நான்கில் மூன்று இலக்கம் தெரியலாம். மூன்று இலக்கத்தை வைத்துக்கொண்டு உங்களிடம் வந்தால், எண் முழுமையாக இல்லை என்று திருப்பி அனுப்புகிறீர்கள். பெயரும் படைப்பிரிவும் மூன்று இலக்கமும் இருக்கும்போது ஏட்டில் ஆளைக் கண்டுபிடிப்பது அவ்வளவு பெரிய வேலையா, ஐயா? ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டவருக்கு எண்ணே மாறியிருக்கக்கூடும் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

பெயர் கொண்டு தேடுவதில் உள்ள சிக்கலை நாங்கள் மறுக்கவில்லை. முத்துசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் அன்றைய எழுத்தர்கள் ஐந்தாறு விதமாக எழுதினார்கள். முன்னெழுத்து விரிந்து தகப்பன் பெயரே ஆளின் பெயராக ஏறியிருக்கும். வட ஆற்காடு மாவட்டம் என்று பதிவான ஊர் இன்று திருவண்ணாமலையிலோ ராணிப்பேட்டையிலோ இருக்கும். அதனால்தான் ஏட்டைப் பொதுவில் வைக்கச் சொல்கிறோம். எழுத்து வேறுபாட்டைக் குடும்பத்தார் கண்டுபிடிக்கும் வேகத்தில் எந்த அலுவலகமும் கண்டுபிடிக்க முடியாது.

தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் அஞ்சல் ஆணை வைத்துக் கேட்டால், மூன்றாம் நபரின் தனிப்பட்ட விவரம் என்று 8(1)(ஒ) பிரிவைக் காட்டுகிறீர்கள். அதே சட்டத்தின் 8(3) பிரிவு, 20 ஆண்டுக்கு முற்பட்ட நிகழ்வுகளுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்கிறது. வாரிசுச் சான்று கேட்கிறீர்கள். 1950களில் இறந்த கொள்ளுத்தாத்தாவுக்கு இன்று எந்தத் தாசில்தார் வாரிசுச் சான்று தருவார்? இறப்புச் சான்றே இல்லாத வீடுகள் எத்தனை!

கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் போயிருக்கிறது. ஆள் எடுக்க வந்தபோது ஊர் பெயரும் தகப்பன் பெயரும் போதுமானதாக இருந்தன; எண்ணைப் படைதான் பிறகு கொடுத்தது. ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று கொடி நாள் மேடையில் இவர்களின் தியாகத்தைப் பேசுகிறார்கள். பெயரைக் கேட்டால் எண் எங்கே என்கிறார்கள். இது வலிக்கிறது.

செய்ய முடியாததைக் கேட்கவில்லை. லாகூர் அருங்காட்சியகத்தில் முடங்கிக் கிடந்த முதல் உலகப்போர்க் காலப் பஞ்சாப் பதிவேடுகளில் ஏறத்தாழ 3,20,000 படைவீரர்களின் விவரம் இருக்கிறது. ஊர்வாரியான அந்த ஏடுகளைப் படமெடுத்து 2021இல் இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். நீலகிரி வெலிங்டனிலும் பெங்களூரிலும் உங்கள் ரெக்கார்ட்ஸ் அலுவலகங்களில் உள்ள ஏடுகளுக்கும் அதைச் செய்யலாம்.

கடுமையாக ஏதும் எழுதியிருந்தால் பொறுத்தருள்க. பணிந்து கேட்பது இவ்வளவே: 1939 முதல் 1947 வரை சேர்ந்தவர்களின் லாங் ரோலை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், ஊர் பதிவாகியிருந்தால் ஊர், சேர்ந்த ஆண்டு ஆகிய மூன்றையும் கொண்டு தேடும்படி வையுங்கள். கிடைக்கவில்லை என்று எழுதும்போது எந்தெந்த ஏடு, எந்தெந்த ஆண்டு, பெயரை எப்படியெல்லாம் எழுதிப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்து எங்கே தேடுவது என்று அதை வைத்துத்தான் அந்தக் குடும்பம் முடிவு செய்ய முடியும்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருவோர்