சிரசுக்குப் போய் வாங்கி வந்த சுளுக்கு

வேலூர்

அன்பு நண்பா,

கழுத்தைத் தவிர மற்றபடி நலம். வைகாசி 1 அன்று குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் ஒரே பக்கமாக எட்டி எட்டிப் பார்த்ததா, திரும்பும்போது பஸ் ஜன்னலில் சாய்ந்து தூங்கியதா தெரியவில்லை, மறுநாள் காலை என் சிரசு திரும்ப மறுத்துவிட்டது. வலது காது தோளைத் தொடப் போகிறது, முகவாய் இடப்பக்கம் பார்க்கிறது.

முகம் போன பக்கம்தான் கோளாறு என்று வீட்டில் இடது கழுத்திலேயே இரண்டு நாள் தைலம் தேய்த்தார்கள். பிசியோதெரபி செய்யும் அம்மா தொட்டுப் பார்த்ததுமே, "பிடித்திருப்பது வலப்பக்கம் சார்" என்றார். காதுக்குப் பின்னால் மேடாக இருக்கும் எலும்பிலிருந்து ஒரு தசை சாய்வாக முன்னே இறங்கி, இரண்டாகப் பிரிந்து நெஞ்செலும்பையும் காறையெலும்பையும் பிடித்திருக்கிறது. பெயர் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு, சொல்வதற்குள் இன்னொரு சுளுக்கு வந்துவிடும். வண்டி மாட்டுக்கு வலக்கயிற்றை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும் இல்லையா? இது நேர்மாறு. வலது தசை சுருங்கினால் தலை வலப்பக்கம் சாயும், முகம் இடப்பக்கம் போகும். கண்ணாடி முன் முகத்தை இடப்பக்கம் திருப்பிப் பார், வலது கழுத்தில் கயிறு மாதிரி எழும்பும்.

அதைப் பார்த்ததும் உன் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. இழுப்பு வந்தால் தறியை விட்டு எழுந்து, முட்டியில் கையூன்றித் திண்ணையில் உட்காருவார். கழுத்து நரம்பு புடைக்கிறது என்று பயப்படுவோமே, அது நரம்பில்லையடா, இந்தத் தசைதான். சாதாரண மூச்சுக்கு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத் தசையே பெரும்பாலும் போதும். திணறும்போது இது நெஞ்செலும்பை மேலே தூக்கும். இதற்குப் பின்னால் ஆழத்தில் இருக்கும் ஸ்கேலீன் தசைகள் மேல் இரண்டு விலா எலும்புகளைத் தூக்கும். மனுஷன் ஒவ்வொரு மூச்சையும் கழுத்தால் இறைத்திருக்கிறார். நாம் பனையோலை விசிறியோடு பக்கத்தில் நின்றோம்.

உன் விரல் மரத்துப்போவதையும் அந்த பிசியோதெரபி அம்மாவிடம் கேட்டேன். கைக்குப் போகும் நரம்புகள் முன், நடு ஸ்கேலீன்களின் இடுக்கு வழியாகத்தான் வருகின்றன; அங்கே நெருக்கினாலும் மரத்துப்போகலாம், கழுத்தெலும்பு, மணிக்கட்டு என்று வேறு காரணங்களும் இருக்கலாம், ஆளைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றுவிட்டார். நீயாகத் தைலம் தேய்க்காமல் டாக்டரிடம் காட்டு. எந்தப் பக்கம் தேய்ப்பது என்பதில் எங்கள் வீட்டு லட்சணத்தைத்தான் பார்த்தாயே.

வெந்நீர் ஒத்தடம், மெல்லத் திருப்பும் பயிற்சி என்று இப்போது முக்கால்வாசி திரும்புகிறது. ரோட்டைக் கடக்க மட்டும் பழைய லாரி மாதிரி முழு உடம்பையும் திருப்புகிறேன். அடுத்த மாதம் வருவதாகச் சொன்னாயே, காட்பாடியில் இறங்கும் தேதியை எழுது. ஸ்டேஷனில் என் இடப்பக்கமாக வந்து நில்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்