பெயின்ற் பூசுவதற்கு முன்

யாழ்ப்பாணம்,
தை மாதம்.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. வரும் ஆடியில் மகளின் குடும்பத்தோடு இலண்டனிலிருந்து வந்து, நல்லூர்த் திருவிழா முடியும்வரை கொக்குவில் வீட்டிலேயே தங்கப்போகிறீர் என்று வாசித்ததும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். என் மனைவி முழங்கால் நோவு குறைந்து நடமாடுகிறாள். உமக்கென்று ஒடியலும் காயப்போட்டிருக்கிறாள்.

ஆனால், நீர் கேட்டபடி பெயின்ற் பூசுபவரை உடனே அழைப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. உமது பேத்திக்குத் தொய்வு, அதாவது ஆஸ்துமா, இருக்கிறது என்று நீரே எழுதியிருப்பதால், காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாரி ஓய்ந்த பின் வீட்டைத் திறந்து பார்த்தேன். முன் விறாந்தையும் சுவாமி அறையும் நன்றாகவே இருக்கின்றன. பின்பக்கப் படுக்கையறையின் கதவைத் திறந்ததும் புழுங்கிய நெடி முகத்தில் அடித்தது. அலுமாரியை நகர்த்தினால், அதன் முதுகுப் பலகை முழுவதும் சாம்பல் கலந்த பச்சையாகப் பூஞ்சணம் பூத்திருக்கிறது. அது நின்ற இடத்துச் சுவரிலும் அலுமாரியின் அளவுக்கே கறுப்புப் படர்ந்திருக்கிறது. பெயின்ற் கொப்புளித்திருந்த ஓரிடத்தை விரலால் அழுத்தியபோது உள்ளிருந்து நீர் கசிந்தது. அண்ணாந்து பார்த்தேன், கூரைத் தண்ணீர் ஓடும் பீலியை ஒட்டியிருந்த ஓடுகள் விலகி, வளைமரத்தின் வழியே மழைநீர் வடிந்த தடம் சுவர்வரை தெரிந்தது.

பூஞ்சணத்தின் வித்திகள் வெளிக்காற்றிலும் வீட்டுக்காற்றிலும் எப்போதும் மிதந்துகொண்டிருப்பவை. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்களை வீட்டுக்குள் வராமல் தடுக்க எவராலும் இயலாது. ஈரமும், தின்பதற்கு மரம், கடதாசி, துணி, தூசி என்று ஏதாவது ஒன்றும் கிடைத்துவிட்டால், ஓரிரு நாட்களிலேயே அவை முளைக்கத் தொடங்கிவிடும். வளர்ந்த பூஞ்சணம் புதிய வித்திகளையும், முறிந்த இழைத்துணுக்குகளையும், நாம் நெடியாக உணரும் ஆவிகளையும் அறைக் காற்றில் கலக்கிறது. அந்தக் காற்றைச் சுவாசிப்பவருக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, விடாத இருமல் ஆகியவை வரலாம். தொய்வுள்ள பிள்ளையாயின் இழுப்பே கிளம்பிவிடக்கூடும். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளுக்கும் சுவாச நோய்களுக்கும் இடையிலான தொடர்பை ஆராய்ந்து உலக சுகாதார நிறுவனம் 2009 இல் ஒரு வழிகாட்டல் நூல் வெளியிட்டது. இவ்வளவு வித்திகள்வரை இருந்தால் பாதகமில்லை என்று அது எந்த எல்லையையும் வகுக்கவில்லை. ஈரத்தையே வரவிடாமல் தடுக்க வேண்டும், வந்தால் சீர்செய்ய வேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு.

கறுப்புப் பூஞ்சணம் என்றாலே கொடிய நஞ்சு என்று வட்ஸ்அப்பில் உலாவும் செய்திகளைப் பார்த்து மகள் கலங்க வேண்டாம். நிறத்தைக் கொண்டு ஆபத்தை அளவிட முடியாது. பச்சையோ வெள்ளையோ கறுப்போ, எதுவானாலும் அகற்றப்பட வேண்டியதே.

இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் நடந்ததை நீர் என்னைவிட நன்றாக அறிவீர். பூஞ்சணம் பிடித்த வீட்டில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. நீண்டகாலம் அந்தக் காற்றைச் சுவாசித்ததால் ஏற்பட்ட சுவாச நோயே காரணம் என்று 2022 இல் மரண விசாரணை முடிவு சொன்னது. தகப்பன் பல ஆண்டுகளுக்கு முன்பே முறையிட்டபோது, மேலே பெயின்ற் பூசிக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டதாம். அதை வாசித்த நாளிலிருந்து, ஈரச்சுவருக்குப் பெயின்ற் பூசும் யோசனையை யார் சொன்னாலும் என்னால் பொறுக்க முடிவதில்லை. உள்ளே ஈரம் இருக்கும்வரை புதுப் பூச்சையும் துளைத்துக்கொண்டு பூஞ்சணம் மறுபடி வரும்.

உமது தகப்பனார் காலத்தில் அது சுண்ணாம்புச் சாந்து பூசிய நாற்சார் வீடு. சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தை வெயில் ஏறியதும் வெளியே விட்டுவிடும். நடுமுற்றத்தால் காற்று எந்நேரமும் புழங்கும். பின்னர் முற்றத்துக்குத் தகரம் போட்டு மூடி, சீமெந்து பூசி, அதன்மேல் பளபளப்புப் பெயின்றும் அடித்ததால் ஈரம் போக வழியில்லாமல் போயிற்று. போதாததற்கு, ஆண்டு முழுவதும் யன்னல்களும் பூட்டிக் கிடக்கின்றன.

ஆகவே என் யோசனை இது. முதலில் கூரை ஓடுகளையும் பீலியையும் திருத்துவிப்போம். பின்பு கொப்புளித்த பூச்சைச் சுரண்டி, பங்குனி, சித்திரை வெயிலில் சுவரை நன்றாகக் காயவிடுவோம். பூஞ்சணத்தை உலர்ந்தபடி தும்புத்தடியால் தட்டினால் வித்திகள் வீடெங்கும் பறக்கும்; ஆதலால் வாயையும் மூக்கையும் முகக்கவசத்தால் மூடி, யன்னல்களைத் திறந்துவைத்து, சவர்க்கார நீரால் நனைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். குளோரின் திரவம் தெளித்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். செத்த பூஞ்சணமும் ஒவ்வாமையைத் தரும் என்பதால், கொன்றால் மட்டும் போதாது, துடைத்தெடுக்கவும் வேண்டும். அந்தத் திரவத்தோடு மலசலகூடம் கழுவும் அமிலத்தையோ வினாகிரியையோ கலந்துவிட்டால் நச்சுவாயு கிளம்பும் என்று வேலையாட்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பேன். அலுமாரி நல்ல முதிரை மரம், கழுவிக் காயவைத்தால் தப்பும். தும்பு மெத்தையைக் காப்பாற்ற வழியில்லை, உள்வரை இறங்கிவிட்டது.

திறப்பு என்னிடம் இருப்பதால், இனி மழையில்லாத நாட்களில் காலையில் போய் யன்னல்களைத் திறந்துவைக்கிறேன். முற்றத்துத் தகரத்தைக் கழற்றலாமா, அம்மா படுத்த அந்த மெத்தையை எரித்துவிடலாமா என்ற இரண்டுக்கும் உமது சம்மதம் வேண்டும். பேத்தியின் வைத்தியரிடமும் பயணத்துக்கு முன் ஒருமுறை பேசி, அவள் பாவிக்கும் இன்ஹேலரைப் போதிய அளவு கொண்டுவரச் சொல்லும். மாசி பிறப்பதற்குள் பதில் எழுதினால் மேசனை ஒழுங்குபண்ண எனக்கு வசதியாக இருக்கும்.

என்றும் அன்புடன்,
உமது பழைய நண்பன்