சிறப்புப் படை அதிகாரியாக விரும்பும் அண்ணன் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய நீண்ட செய்தியைப் படித்தேன். பாரா எஸ்.எஃப். (தரைப்படையின் பாராசூட் ரெஜிமென்ட்டில் உள்ள சிறப்புப் படை) அதிகாரியாக வேண்டும், அதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை என்று எழுதியிருந்தாய். விடியற்காலையில் ஓடுவது, புஷ்-அப் எடுப்பது, முதுகில் மணல் மூட்டையோடு நடப்பது என்று எல்லாவற்றையும் விவரித்திருந்தாய். படிக்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதில் முழுக்க முழுக்க உடம்பைப் பற்றிய பேச்சுதான். நாளை உன்னை நம்பி இருட்டில் நடக்கப்போகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உன்னைப் போன்ற பல பிள்ளைகள் இதே கேள்வியைக் கேட்கிறார்கள், அதனால் அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் வழியைத் தெரிந்துகொள். பாரா எஸ்.எஃப். அதிகாரிக்கென்று தனியாக ஒரு நுழைவுத் தேர்வு கிடையாது. முதலில் நீ இந்தியத் தரைப்படையின் அதிகாரியாக வேண்டும். அதன்பிறகு நீயாக விரும்பிப் பெயர் கொடுக்க வேண்டும். யாரையும் கட்டாயப்படுத்தி அங்கே அனுப்புவதில்லை. அகாடமியில் பயிற்சி முடியும் சமயத்திலேயே விருப்பம் தெரிவிக்கலாம், வேறு ரெஜிமென்ட்டில் சில காலம் பணியாற்றிவிட்டும் வரலாம். பெயர் கொடுத்தவர்களும் ஒரு பெட்டாலியனில் புரொபேஷன் என்ற கடுமையான சோதனைக் காலத்தை முடித்தாக வேண்டும். பெரும்பாலானவர்கள் அதில் திரும்பிப் போய்விடுகிறார்கள். தாக்குப்பிடித்தவர்கள் ஆக்ராவில் விமானப்படை நடத்தும் பாராசூட் பயிற்சிப் பள்ளியில், இரவில் குதிப்பது ஒன்று உட்பட, ஐந்து முறை குதித்து விங்ஸ் என்ற பாராசூட் வீரர் சின்னத்தை வாங்குகிறார்கள். மெரூன் தொப்பி பாராசூட் ரெஜிமென்ட் முழுமைக்கும் உரியது. பலிதான் சின்னம் எஸ்.எஃப். ஆட்களுக்கு மட்டுமே.

ஆக, இன்றைய தேதியில் நீ தயாராக வேண்டியது புரொபேஷனுக்கு இல்லை, அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வுக்கு.

நீ கல்லூரியில் முதலாம் ஆண்டு. என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) நுழைவுத் தேர்வுக்கு வயது வரம்பு பத்தொன்பதரை, அதனால் உனக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. யு.பி.எஸ்.சி. அதை வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத்திறன் தாளுக்கு 600. எழுதிப் பார். கிடைத்தால் கல்லூரியை விட்டுவிட்டு அந்த அகாடமி இருக்கும் கடக்வாஸ்லாவுக்குக் கிளம்பு, யோசிக்காதே. கிடைக்காவிட்டால் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் சி.டி.எஸ். என்ற அதிகாரிகளுக்கான நுழைவுத் தேர்வை எழுதலாம். டேராடூனில் உள்ள ராணுவ அகாடமியான ஐ.எம்.ஏ.வுக்கு ஆங்கிலம், பொது அறிவு, கணிதம் மூன்றும் எழுத வேண்டும். நம் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ.வுக்குக் கணிதம் தேவையில்லை. முன்னது நிரந்தரப் பணி, பின்னது குறுகிய காலப் பணி. இரண்டிலிருந்தும் பாரா எஸ்.எஃப்.-க்குப் பெயர் கொடுக்கலாம் என்பதால் எது உயர்வு என்ற சண்டை உனக்கு வேண்டாம்.

இன்னொரு வழியைப் பற்றி நீ கேட்கவே இல்லை: என்.சி.சி.யில் கல்லூரி மாணவர்களுக்கான சீனியர் டிவிஷனில் இருந்து, 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும் பட்டப்படிப்பில் ஐம்பது சதவீதமும் வைத்திருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே எஸ்.எஸ்.பி.க்குப் போகும் சிறப்பு நுழைவு இருக்கிறது. உன் கல்லூரியில் என்.சி.சி. இருக்கிறது. பொதுவாக முதலாம் ஆண்டில்தான் சேர்ப்பார்கள், தள்ளிப்போட்டால் அந்தக் கதவு மூடிவிடும். சான்றிதழை விட அதில் கிடைக்கும் பழக்கம் பெரியது. முகாமில் உன் வயதுப் பையன்கள் முப்பது பேரை வரிசையில் நிற்க வைத்து, சாப்பாடு எல்லோருக்கும் வந்ததா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் சாப்பிடக் கற்றுக்கொள்வாய். மணல் மூட்டை இதைச் சொல்லித்தராது.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள் நடக்கும். முதல் நாளிலேயே பாதிப் பேருக்கும் மேல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு மங்கலான படத்தை முப்பது வினாடி காட்டிவிட்டுக் கதை எழுதச் சொல்வார்கள், அப்புறம் அதைக் குழுவில் பேசச் சொல்வார்கள். தாண்டி வந்தவர்களுக்கு மறுநாள் உளவியல் சோதனை: பதினைந்து வினாடிக்கு ஒரு சொல்லாக அறுபது சொற்கள், முப்பது நிமிடத்தில் அறுபது சூழ்நிலைகள். யோசித்து நல்லவனாக நடிக்க நேரமே இருக்காது. அதற்காகத்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள். பயிற்சி மையங்களில் மனப்பாடம் செய்து வந்த கதைகளை எழுதும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. ஒரே நாயகன், ஒரே வெள்ளம், ஒரே மருத்துவ முகாம். எழுதுகிறவனின் வாழ்க்கை அதில் எங்கேயும் இல்லை. உளவியல் தாளில் ஒருவனும் மைதானத்தில் நடக்கும் குழுப் பணிகளில் வேறொருவனும் நேர்முகத்தில் மூன்றாமவனும் தெரிந்தால், தேர்வாளர்கள் யாரை நம்புவது?

அதனால் உன்னைப் பற்றி உண்மையாக எழுதிப் பழகு. அப்பா அம்மா உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், ஆசிரியர்கள் என்ன நினைக்கிறார்கள், நண்பர்கள் என்ன சொல்வார்கள் என்று அங்கே எழுதச் சொல்வார்கள். அண்ணனிடமும் அண்ணியிடமும் போய் நேராகக் கேள். அவர்கள் சொல்வது கசந்தால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். மைதானத்தில் பலகையையும் கயிற்றையும் கொடுத்துத் தடையைத் தாண்டச் சொல்லும்போது, பலகையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஓடுபவனுக்கு எந்தப் பெருமையும் இல்லை. பின்னால் தவிக்கும் ஒருவனின் யோசனையைக் காது கொடுத்துக் கேட்டு, அவனையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறவனைத்தான் தேடுகிறார்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இங்கேதான் தயங்குகிறார்கள். எஸ்.எஸ்.பி.யில் ஆங்கிலம் தடுமாறாமல் வர வேண்டும், அலங்காரமாக இருக்க வேண்டியதில்லை. தினமும் ஒரு செய்தியைப் படித்துவிட்டு மூன்று நிமிடம் சத்தமாகப் பேசிப் பார். இந்தியும் கற்றுக்கொள். பாராசூட் ரெஜிமென்ட்டில் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் ஜவான்கள் வருகிறார்கள். மலையில் குளிரில் ஒருவன் தன் தாயின் உடல்நிலையைப் பற்றிச் சொல்ல வரும்போது, அவன் பேசுவது அதிகாரிக்குப் புரிய வேண்டும். வெலிங்டனை மையமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வரும் வடநாட்டு அதிகாரிகள் நம் ஆட்களின் மொழியைக் கற்றுக்கொள்ளப் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அந்த மரியாதையை நாமும் திருப்பித் தர வேண்டும்.

சரி, உடம்புக்கு வருவோம். நீ செய்வதில் எனக்குப் பிடிக்காதது அந்த மணல் மூட்டைதான். எலும்பும் தசைநாரும் தயாராவதற்கு முன் கனத்தைத் தூக்கிக்கொண்டு தார் ரோட்டில் ஓடினால், கணுக்காலுக்கு மேலே எலும்பில் மெல்லிய விரிசல் விழும். அகாடமியில் எத்தனையோ நல்ல பிள்ளைகள் இதனால்தான் ஒரு பருவத்தையே இழக்கிறார்கள். முதல் ஒரு வருடம் கனமில்லாமல் மண் தரையில் ஓடு. வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. கயிறு ஏறப் பழகு, கம்பியில் தொங்கி உடம்பை இழு. நீச்சல் தெரியாது என்று சொன்னாயே, அதை இந்த விடுமுறையிலேயே முடித்துவிடு. தூக்கத்தைக் குறைத்துப் 'பயிற்சி' எடுக்காதே. தூக்கம் கெடுவதைத் தாங்கும் பழக்கத்தை அவர்களே உனக்குத் தருவார்கள்.

மருத்துவச் சோதனையில் கடைசி நேரத்தில் அதிர்ச்சி அடைகிறவர்கள் நிறைய. முட்டி ஒட்டுதல், தட்டைப் பாதம், கண் பார்வை, பற்கள், காதில் அடைத்த அழுக்கு என்று எல்லாவற்றையும் இப்போதே ஒரு மருத்துவரிடம் காட்டிவிடு. பச்சை குத்திக்கொள்ளும் ஆசை இருந்தால் அடக்கிக்கொள். முன்கையின் உட்பக்கத்திலும் புறங்கையிலும் மட்டும்தான் அனுமதி.

இனி புரொபேஷன். அங்கே அதிகாரியும் ஜவானும் ஒன்றாகத்தான் வதைபடுகிறார்கள், தோளில் உள்ள நட்சத்திரத்துக்குச் சலுகை கிடையாது. கனமான பையுடன் நீண்ட நடை, தொடர்ந்து தூக்கமின்மை, பசி. இவையெல்லாம் எல்லோருக்கும் பொது. அதிகாரிக்குக் கூடுதலாக ஒன்று உண்டு: மூளை மரத்துப்போன அந்த நேரத்தில் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்ல வேண்டும், திட்டம் போட வேண்டும், பின்னால் வருகிறவனின் காலில் கொப்புளம் வெடித்திருப்பதையும் கவனிக்க வேண்டும்.

1971 டிசம்பரில் பாகிஸ்தானுடனான போரில் 9 பாரா கமாண்டோ பெட்டாலியன் வீரர்கள் பூஞ்ச் பகுதியில் எல்லையைத் தாண்டி, உறைய வைக்கும் குளிரில் ஆற்றைக் கடந்து, மந்தோல் கிராமத்தில் இருந்த ஆறு பீரங்கிகளைத் தகர்த்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த இரவைப் பற்றிப் படிக்கும்போது என் மனம் நிற்பது வெடிச் சத்தத்தில் இல்லை. இருட்டில், தெரியாத நிலத்தில், இத்தனை பேரைச் சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த தலைமைதான் என்னை உலுக்குகிறது. வரைபடமும் திசைகாட்டியும் வாங்கிக்கொள். நண்பர்களோடு மலையேறப் போகும்போது கைப்பேசியை அணைத்துவிட்டு வழி கண்டுபிடி. நிலத்தைப் படிக்கத் தெரிந்தவனைப் படையில் எல்லோரும் பின்தொடர்வார்கள்.

புரொபேஷனில் தேறாவிட்டால் என்ன ஆகும் என்று நீ கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லியாக வேண்டும். வேறொரு யூனிட்டுக்குப் போவாய், அங்கே உனக்காக ஒரு பிளாட்டூன், அதாவது ஒரு சிறு படைக்குழு, காத்திருக்கும். பரங்கிமலையில் பயிற்சி பெற்றுப் போன மேஜர் முகுந்த் வரதராஜன் எஸ்.எஃப். இல்லை. ராஜ்புத் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர், தீவிரவாத எதிர்ப்புப் படைப்பிரிவான 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் இருந்தபோது 2014-இல் காஷ்மீரின் ஷோபியானில் உயிர் கொடுத்தார், அசோக் சக்ரா பெற்றார். ஒவ்வொரு காலாட்படை பெட்டாலியனிலும் கட்டக் பிளாட்டூன் என்ற அதிரடிக் குழு ஒன்று இருக்கிறது, அதை வழிநடத்தும் இளம் அதிகாரி பெலகாவியில் கமாண்டோ பயிற்சி முடித்தவராக இருப்பார். மெரூன் தொப்பி இல்லையென்றால் ராணுவமே வேண்டாம் என்ற எண்ணம் உனக்குள் எங்காவது இருந்தால், இப்போதே அதை எடுத்துப் போட்டுப் பார். அது தொப்பியின் மேல் உள்ள ஆசை. உன் கையில் ஒப்படைக்கப்படும் ஆட்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அண்ணி இன்னும் சம்மதிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அவரிடம் வீரவசனம் பேசாதே. என்ன படிப்பு, எங்கே பயிற்சி, எத்தனை வருடம், கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்பதை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வைத்திரு. அடுத்த மாதம் நான் வரும்போது நானும் பேசுகிறேன். அதற்குள் கல்லூரி என்.சி.சி. அதிகாரியைப் பார்த்துச் சேர்க்கை முடிந்துவிட்டதா என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தப்பா