ஆறரை அங்குலம்

ஸ்காபுறோ, கனடா
மார்கழி 7

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் எல்லாருடைய நலத்துக்கும் கோணேசர் துணை. எங்கட சிநேகிதியின் 31ஆம் நாள் முடிந்து, கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்கும் போய்க் கிரியை செய்து வந்தாச்சு என்று அவவின் மகள் போனில் சொன்னா. அலுமாரியில் இருக்கிற அவவின் சேலைகளை என்ன செய்கிறது என்று கேட்டிருந்தீங்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் அளவு பிழைக்கும். எழுத்தில் இருந்தால் மெசினுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் கொடுத்துவிடாதேங்கோ. எட்டுச் சேலை எடுத்து வையுங்கோ. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு ஒட்டுப்போர்வை தைப்போம். வெட்டுகிறது நீங்கள். தைக்கிறது திருகோணமலையில் ஒரு பங்கு, லண்டனில் ஒரு பங்கு, இங்கே ஒரு பங்கு. திரும்ப அங்கே வந்து ஒன்றாய்ப் பொருந்த வேண்டும். செத்தவீட்டுக்கு வர முடியாமல் போன இரண்டு பேருக்கும் கையால் செய்ய ஒரு வேலை வேண்டும் அக்கா. ஆட்டைத் திவசத்துக்கு முதல் முடிக்கலாம்.

இங்கே மார்கழியில் பின்னேரம் 4.40க்கே பொழுது பட்டுவிடும். வெளியில் பனி, உள்ளே கணப்பு. இந்த நாட்டுப் பெண்கள் பழங்காலம் தொட்டு இந்த இருட்டு மாதங்களில் போர்வை தைத்து வந்திருக்கிறார்கள். குயில்ட் என்பார்கள். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவிக் கையால் நூல் ஓட்டுவது. தேவாலய மண்டபங்களில் ஒரு சட்டத்தில் போர்வையை இழுத்துக் கட்டி, நாலு பக்கமும் இருந்து தைப்பார்கள். துக்கம் உள்ள ஆள் அந்தச் சட்டத்தடியில் வந்திருந்தால் யாரும் விசாரிக்க மாட்டார்கள். ஊசியைக் கொடுத்து, இருக்க இடம் விடுவார்கள். எங்கட ஊரில் செத்தவீட்டுக்கு வந்து பேசாமல் இருந்துவிட்டுப் போகிறவர்களை அதைப் பார்க்கும்போது நினைப்பு வரும்.

1840களில் அமெரிக்காவில், தூர இடத்துக்குக் குடிபெயர்ந்து போகிறவருக்குச் சிநேகிதிகள் ஆளுக்கொரு சதுரம் தைத்து, அதில் மையால் பெயர் எழுதிக் கொடுக்கிற வழக்கம் பரவியிருந்தது. 1987 ஐப்பசி 11ஆம் திகதி வாஷிங்டனில் எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக விரித்த போர்வையில் 1,920 துண்டுகள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு புதைகுழியின் அளவு. அவற்றில் கனக்கச் சிநேகிதர்கள் சிநேகிதருக்காகத் தைத்தவை. உறவுக்காரருக்குத் திவசம், துடக்கு என்று செய்ய ஆயிரம் இருக்கிறது. சிநேகிதிக்கு அப்படி ஒன்றும் வைக்கவில்லை. அதனால்தான் இதைச் செய்வோம் என்கிறேன்.

இனி வேலை.

சேலைகள்: பள்ளிக்கூடத்துக்கு உடுத்த வொயில் ஐந்து, மருதமுனைக் கைத்தறி இரண்டு, அந்தக் கத்தரிப்பூ நிற நைலெக்ஸ் என்கிற செயற்கை இழைச் சேலை ஒன்று. கூறைச்சேலையைத் தொடவே வேண்டாம். அது மகளுக்கு. பட்டும் வேண்டாம். பழைய பட்டு மடிப்பு மடிப்பாய் வெடிக்கும், சரிகை ஊசியை மழுக்கும்.

முழுச் சேலையையும் வெட்டத் தேவையில்லை என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். அந்தப் பயத்தில்தான் கனபேர் அலுமாரியைத் திறக்காமல் வருசக்கணக்காய் வைத்திருப்பது. இடுப்பில் செருகுகிற உள்பக்கத்திலிருந்து 20 அங்குலம் போதும். மிச்சம் 5 யாருக்கு மேல் இருக்கும். அவவின் தங்கச்சியோ மகளோ தாராளமாய் உடுத்தலாம். அந்த உள்பக்கம் வெயில் படாதது, நிறம் போகாதது, இழையும் பலமாய் இருக்கும்.

ஒரே ஒரு சேலைக்கு மட்டும் இதை மாற்றுவோம். கீழ்க்கரை கிழிந்த மண்ணிற வொயில் ஒன்று இருக்கும், பாருங்கோ. அதில் இடது தோளில் மடிப்பைப் பிடித்து ஊசி குத்துகிற இடத்தில் வரிசையாய்ச் சின்னப் பொத்தல்கள் இருக்கும். ஒன்றிரண்டில் துரு வட்டமும் இருக்கலாம். வருசக்கணக்காய்க் காலை ஆறரை மணிக்கு அதே இடத்தில் குத்தின ஊசி. அந்த இடத்தில் ஒரு சதுரம் வெட்டுங்கோ. பொத்தலைத் தைத்து மூடாதேங்கோ. பின்பக்கம் இஸ்திரியில் ஒட்டுகிற மெல்லிய கன்வஸ் ஒட்டினால் பொத்தல் பெருக்காது. துரு இழையைத் தின்னும் என்பதால் அந்தச் சதுரத்துக்கு மட்டும் கன்வசுக்கு மேல் ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டும் வையுங்கோ.

வெட்ட முதல் கழுவ வேண்டும். இது கஷ்டமான இடம் என்று தெரியும். சேலையில் அவவின் மணம் இருக்கும். அதற்கு ஒரு வழி: கைக்குட்டை அளவு ஒரு துண்டைக் கழுவாமல் வெட்டி, நன்றாய்க் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் போட்டு இறுக்கி மூடி, இருட்டில் வையுங்கோ. பாச்சை உருண்டை கிட்டவும் வரக்கூடாது. அதன் மணம் மற்றதைத் தின்றுவிடும். மிச்சமெல்லாம் கழுவத்தான் வேண்டும். வியர்வையும் எண்ணெயும் இருந்தால் துணி மஞ்சளித்து உக்கும், பூச்சியும் வரும்.

குளிர்ந்த தண்ணி, கொஞ்சம் சவர்க்காரத் தூள், சேலை சேலையாய்த் தனித்தனியே. சிவப்பும் கத்தரிப்பூவும் சாயம் விடும். ஈர வெள்ளைத் துணியால் மூலையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கோ. நிறம் ஒட்டினால் தண்ணி தெளிகிற வரைக்கும் திரும்பத் திரும்ப அலசுங்கோ. உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். கடைத் துணிக்கு அது உதவாது. உவர்க் கிணற்றுத் தண்ணி என்றால் கடைசி அலசல் நல்ல தண்ணியில். இப்போது அங்கே வாடை மழை. வெயில் எறிக்கிற நாளாய்ப் பார்த்து நிழலில் காயப்போடுங்கோ. ஈரம் இருக்க மடித்தால் இரண்டு நாளில் பூஞ்சணம் புள்ளி போடும், பிறகு போகாது.

வொயில் மெல்லிசு. அப்படியே வெட்டினால் கத்தரிக்கோலுக்குள் வழுக்கி, சதுரம் சாய்சதுரமாகும். அதனால் அந்த 20 அங்குலத் துண்டு முழுக்கக் கன்வஸ் ஒட்டிவிட்டுத்தான் வெட்டுங்கோ. இஸ்திரிப்பெட்டியை இழுக்கக் கூடாது. வைத்து, பத்துக்கு எண்ணி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இழுத்தால் துணி ஒரு பக்கம் நீண்டு, அப்படியே ஒட்டிப்போகும். கைத்தறிக்குக் கன்வஸ் வேண்டாம். நைலெக்ஸ் சூட்டில் உருகிப் பெட்டியில் பிடிக்கும். அதை ஒட்டாமல், வெட்டின சதுரத்தின் பின்னால் அதே அளவு மெல்லிய பருத்தித் துண்டை வைத்து, ஓரத்திலிருந்து அரைக்கால் அங்குலத்தில் கையால் நூல் ஓட்டி இரண்டையும் ஒன்றாக்குங்கோ. போர்வைக்கு நைலெக்ஸ் சரிவராது என்பதுதான் விதி. ஆனால் தேருக்கு அவ அதைத்தானே உடுத்தவ. அது இல்லாத போர்வை அவவுடையதாய் இராது. நைலெக்சுக்குப் பக்கத்தில் நைலெக்ஸ் வராமல் வைத்தால் இரண்டு பக்கமும் பருத்தி பிடித்துக்கொள்ளும்.

அளவு இதுதான். வெட்டுகிற சதுரம் 6½ அங்குலம். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போக, 6 அங்குலம் தெரியும். அகலத்துக்கு 10, நீளத்துக்கு 12, மொத்தம் 120. போர்வை 60க்கு 72 அங்குலம் வரும். எட்டுச் சேலை, சேலைக்கு 15 சதுரம். 20 அங்குலத்தில் மூன்று கீற்று, கீற்றுக்கு ஆறு சதுரம், ஆக 18. மிச்சம் மூன்றும் பிழைத்தால் மாற்ற.

மூன்று பேரும் மூன்று அளவுநாடாவை நம்பினால் வேலை கெட்டுப்போகும். பழைய துணிநாடா இழுபட்டிருக்கும். இங்கே துணி மீற்றரில் விற்கிறார்கள், போர்வைக் கணக்கெல்லாம் அங்குலத்தில். ஒன்றை மற்றதாக்குகிற இடத்திலும் பிழை வரும். அதனால் பிளாஸ்ரிக் பைல் மட்டையில் ஒரே நேரம் மூன்று அச்சு வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சரிபார்த்து, ஒன்றை இதோடு அனுப்புகிறேன். காட்போட்டில் நகல் எடுக்காதேங்கோ. சோக் உரச உரச அதன் ஓரம் தேய்ந்து, ஐம்பதாவது சதுரம் முதலாவதை விடச் சின்னதாகிவிடும். அச்சை வைக்க முதல் துணியில் ஒரு இழையை உருவுங்கோ. அந்தக் கோட்டில் அச்சின் ஓரம் நேராய் இருக்கட்டும். 120ஐயும் நீங்களே வெட்டுங்கோ. தையலில் மூன்று கை சேரலாம், வெட்டில் ஒரு கைதான் இருக்க வேண்டும்.

வெட்டியாகியதும் விறாந்தையில் பரப்பி, கதிரையில் ஏறிப் பாருங்கோ. இரண்டு நாள் அப்படியே கிடக்கட்டும். பிறகு படம் எடுத்து அனுப்பிவிட்டு, வரிசைக்கு இலக்கம் போடுங்கோ. 1 முதல் 4 உங்களுக்கு, 5 முதல் 8 லண்டனுக்கு, 9 முதல் 12 எனக்கு. இலக்கத் துண்டை நூலால் கட்டுங்கோ. குண்டூசி வேண்டாம், தபாலில் துணியைக் கிழிக்கும்.

கால் அங்குலத்தில்தான் முழு விசயமும். தையல் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினாலும், ஒவ்வொரு சதுரமும் இரண்டு பக்கமும் சேர்த்து அரைக்கால் அங்குலம் சுருங்கும். பத்துச் சதுர வரிசையின் ஒன்பது மூட்டிலும் சேர்த்து அது ஒரு அங்குலத்துக்கு மேல். உங்கட வரிசை என்னுடையதை விட அவ்வளவு கட்டையானால் எந்த இஸ்திரியாலும் இழுத்துப் பொருத்த முடியாது. ஆகவே முதலில் பழந்துணியில் 2½ அங்குலச் சதுரம் மூன்று வெட்டி வரிசையாய்த் தையுங்கோ. நீளம் சரியாய் 6½ வர வேண்டும். குறைந்தால் தையல் அகலம், கூடினால் ஒடுக்கம். சரியான இடம் பிடிபட்டதும், உங்கட கை மெசின் தகட்டில் அந்தக் கோட்டில் ஒரு பிளாஸ்ரர் துண்டை ஒட்டி, துணியின் ஓரத்தை அதில் தொட்டுக்கொண்டு ஓட்டுங்கோ. மூன்று பேரும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் தொடங்குகிறோம். 11ஆம் இலக்க ஊசி, பருத்தி நூல், அங்குலத்துக்குப் பத்துத் தையல்.

பத்துச் சதுரம் சேர்ந்த வரிசை 60½ அங்குலம் இருக்க வேண்டும். கால் அங்குலம் பிசகினால் ஒரே மூட்டைப் பிரிக்காமல், நாலைந்து மூட்டில் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பகிர்ந்து திருத்துங்கோ. ஒற்றை வரிசையின் மூட்டுகளை இடப்பக்கமும் இரட்டை வரிசையின் மூட்டுகளை வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட்டால், வரிசையோடு வரிசை சேர்க்கும்போது மூட்டுகள் ஒன்றுக்கொன்று பூட்டிக்கொள்ளும், மூலை தானாய்ப் பொருந்தும்.

ஒரு வெளிர் நிறச் சதுரத்தை எனக்கு வெறுமையாய் விடுங்கோ. 9ஆம் வரிசை நடுவில். அவ எழுதின கடிதங்கள் இங்கே இருக்கின்றன. ஒன்றின் அடியில் உள்ள கையொப்பத்தை யன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே துணியை வைத்துப் பென்சிலால் எடுத்து, இரண்டு இழை நூலில் பின்தையல் போடுகிறேன். முதல் எழுத்தைப் பெரிதாய்ப் போட்டு, கடைசியில் ஒரு இழுவை இழுப்பாவே, அது அப்படியே வரும்.

சித்திரைக்குள் வரிசைகள் உங்களிடம் வந்துவிடும். உள்ளே வைக்க இங்கத்தைப் பஞ்சுப்படை வேண்டாம். உங்களுக்கு அது அவிச்சல். இலவம்பஞ்சும் வேண்டாம், ஒரு பக்கம் ஓடித் திரளும். நைந்த வேட்டி இரண்டை மூட்டி ஒரே படையாய் விரியுங்கோ. வங்காளத்தில் பழஞ்சேலைகளையே அடுக்கி நூல் ஓட்டிக் காந்தா செய்கிறார்கள், பஞ்சே இல்லாமல். அடித்துணி நாலு பக்கமும் 4 அங்குலம் கூட இருக்க வேண்டும், 68க்கு 80. 45 அங்குல அகலத் துணியில் 4½ யார் வாங்கி இரண்டாய் மூட்டலாம்.

அடித்துணியை நிலத்தில் ஒட்டுங்கோ. இறுக்கி இழுக்காமல், சுருக்கம் போகிற அளவுக்கு மட்டும். இழுத்தால் கழற்றியதும் அது சுருங்கி, மேல்துணியில் சுருக்கம் விழும். இங்கே 250க்கு மேல் சட்டைப்பின் குத்திப் பிடிப்பார்கள். அங்கே கடற்காற்றில் பின் துருப்பிடித்துக் கறை போடும். வெள்ளை நூலால் இரண்டு அங்குலத் தையலாய், நடுவிலிருந்து வெளியே, சாண் இடைவெளியில் ஓட்டுங்கோ. கடைசித் தையலையும் நடுவிலிருந்தே தொடங்குங்கோ. ஓரத்திலிருந்து தொடங்கினால் மிச்சத்துணி நடுவில் திரண்டு மடிப்பு விழும். கட்டை ஊசி, முழங்கை நீளத்துக்கு மேற்படாத நூல், நடுவிரலில் விரற்கூடு. முடிச்சைச் சுண்டி உள்ளே இழுத்துவிட்டால் வெளியே தெரியாது. அங்குலத்துக்கு ஆறு தையல் போதும். சின்னதாய் இருப்பதைவிட ஒரே அளவாய் இருப்பதுதான் வடிவு. கை நடுங்குகிற நாளில் தைக்காதேங்கோ.

விளிம்புப் பட்டிக்கு 2½ அங்குலக் கீற்று ஏழு, இரண்டாய் மடித்து. கைத்தறிச் சேலையின் கரை அகலம் போதுமானால் அதுவே நல்லது. மேல்பக்கம் மெசினில், பின்பக்கம் கையால். அந்தப் பின்பக்கத்தில் கடைசி ஒரு முழத்தை விடுங்கோ. மகள் தைக்கட்டும். தைக்கத் தெரியாது என்று சொல்லுவா. நீங்கள் பக்கத்தில் இருங்கோ.

கத்தரிக்கோலைச் சாணை பிடித்து வையுங்கோ, அதால் கடதாசி வெட்ட விடாதேங்கோ. அச்சு மட்டை கவருக்குள் இருக்கிறது. பிரிக்கும்போது மடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கோ.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி